அல்ஜீரியா: இன்னும் ஒப்படைக்கப்படாதவை

அக்டோபர் 30, வியாழன் – அல்ஜியர்ஸ்

இறங்கும்போதே மழை. நம் ஊர் ஐப்பசி அடைமழை மாதிரி இல்லை. பத்து நிமிஷம் கொட்டும், சட்டென்று வெயில் அடிக்கும், குடையை மடக்கினால் மறுபடி கொட்டும். விமான நிலையத்து ஏடிஎம் என் கார்டை ஏற்கவில்லை, நகரத்துக்குள்ளும் எந்த இயந்திரமும் ஏற்கவில்லை. கையில் யூரோ நோட்டு இருந்ததால் பிழைத்தேன். இங்கே வருகிறவர்கள் கார்டை நம்பி வராதீர்கள்.

புதுச்சேரியில் வளர்ந்தவனுக்கு இந்த நகரத்தின் முகம் தெரிந்த முகம்தான். வெள்ளைச் சுவர், நீல ஜன்னல், இரும்புக் கம்பி பால்கனி. ஆனால் தெருப்பெயர்ப் பலகையைப் படித்ததும் வித்தியாசம் புரிந்துவிடும். எங்கள் ஊரில் துய்மா வீதி, சுஃப்ரேன் வீதி எல்லாம் அப்படியே இருக்கின்றன. இங்கே பெரும்பாலானவை மாறிவிட்டன. நான் தங்கியிருக்கும் பெரிய கடைவீதி ஒரு காலத்தில் இஸ்லி தெரு. இப்போது லார்பி பென் ம்ஹிதி தெரு. மிஷ்லே தெரு திதூஷ் மூராத் தெருவாகிவிட்டது. இந்த நாட்டை ரத்தத்தில் அடக்கிய பிரெஞ்சு மார்ஷல் புஜோவின் சிலை நின்ற இடத்தில், அவரை எதிர்த்துப் போரிட்ட எமீர் அப்துல் காதர் குதிரைமேல் வாளோடு நிற்கிறார்.

விடுதலைப் போராட்டத் தலைவர் லார்பி பென் ம்ஹிதியை பிரெஞ்சு ராணுவம் 1957 பிப்ரவரியில் பிடித்தது. மார்ச்சில், அவர் சிறையில் தூக்குப் போட்டுக்கொண்டார் என்று அறிவித்தது. கொன்றது நான்தான் என்று ஜெனரல் ஓசாரெஸ் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பிரெஞ்சு அரசு தன் வாயால் சொன்னது 2024 நவம்பர் 1 அன்றுதான். இதையெல்லாம் தெரிந்துகொண்டு அந்தத் தெருவில் செருப்புக் கடையையும் ஐஸ்கிரீம் கடையையும் கடந்து நடப்பது எனக்கு எளிதாக இல்லை.

பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் மோரீஸ் ஓதான் சதுக்கம். ஓதான் வெள்ளைக்காரர், கணித விரிவுரையாளர், கம்யூனிஸ்ட், அல்ஜீரிய விடுதலையின் பக்கம் நின்றவர். 1957 ஜூன் 11 இரவு பாராசூட் படையினர் அவரை வீட்டிலிருந்து கூட்டிப்போனார்கள். வயது 25, மூன்று குழந்தைகள். தப்பி ஓடிவிட்டார் என்றார்கள். மனைவி ஜோசெத் அறுபது வருஷம் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். 2018 செப்டம்பரில் பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோன் அவர் வீட்டுக்கே போய், ஓதான் சித்திரவதையில் இறந்தார் அல்லது கொல்லப்பட்டார், பொறுப்பு அரசுடையது என்று ஒப்புக்கொண்டார். அடுத்த பிப்ரவரியில் ஜோசெத் இறந்துபோனார். உடல் எங்கே என்பது அவருக்குச் சொல்லப்படவே இல்லை. சதுக்கத்தில் கல்லூரிப் பிள்ளைகள் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள்.

மாலை சாப்பாடு கரந்திக்கா. கடலை மாவைக் கரைத்து அகலத் தட்டில் ஊற்றி அடுப்பில் வேகவைத்து, மேலே சீரகத் தூளும் ஹரீஸா மிளகாய் விழுதும் போட்டு, நீள ரொட்டியைப் பிளந்து உள்ளே வைத்துத் தருகிறார்கள். 50 தினார், நம் காசுக்கு முப்பது ரூபாய் சொச்சம். அந்த நீள பிரெஞ்சு ரொட்டி 15 தினார்தான். மாவுக்கு அரசு மானியம். சாயங்காலம் ஆனால் ஊரே அக்குளில் ரொட்டியோடு நடக்கிறது. பெயர்ப் பலகைகளை எல்லாம் மாற்றிய நாடு இந்த ரொட்டியை மட்டும் தன்னுடையதாக்கிக்கொண்டது. கடைக்காரர் நான் இந்தியன் என்று தெரிந்ததும் ஒரு பழைய ஹிந்திப் பாட்டின் இரண்டு வரியைப் பாடிவிட்டு, காசு வாங்க மறுத்தார். வற்புறுத்தித்தான் கொடுக்கவேண்டியிருந்தது.

அக்டோபர் 31, வெள்ளி – காஸ்பா

வெள்ளிக்கிழமை காலையில் ஊர் உறங்குகிறது. காபிக்கடைகூட ஒன்றிரண்டுதான். ஜும்மா தொழுகை முடிந்தபிறகு தெருவெல்லாம் கூஸ்கூஸ் வாசனை. நான் தங்கிய வீட்டுக்காரம்மா கேட்காமலேயே ஒரு தட்டை அறைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டார். ஆவியில் வெந்த கோதுமை ரவை, மேலே முள்ளங்கி, கேரட், கொண்டைக்கடலை, ஆட்டுக்கறித் துண்டு. இன்னொரு வாய் சாப்பிடு என்று நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த அதட்டலை நம் வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

மாலை காஸ்பாவுக்குள் போனேன். மலைச்சரிவில் கடலைப் பார்த்து இறங்கும் பழைய நகரம் அது, 1992-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில். அங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண்மணி கூட்டிப்போனார். படிக்கட்டு, படிக்கட்டு, மேலும் படிக்கட்டு. மழையில் கல் வழுக்கி முழங்கால் சிராய்த்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் கதவைத் திறந்து, ஒன்றும் கேட்காமல், ஈரத்துணியும் ஒரு டம்ளர் பாலும் கொடுத்தார்.

1957-ல் ஜெனரல் மாஸ்யுவின் பாராசூட் படை இந்தச் சந்துகளுக்குள் நுழைந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் எண் போட்டார்கள். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று சொல்ல ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கினார்கள். அப்போது அல்ஜியர்ஸ் காவல் நிர்வாகத்தின் மேலதிகாரியாக இருந்த போல் தெத்ஜென், நாஜிச் சிறையில் சித்திரவதைப்பட்டவர். அதே அடையாளங்களைக் கைதிகளின் உடம்பில் பார்த்ததும் பதவி விலகினார். பிடித்துப்போனவர்களில் காணாமல் போனவர்கள் 3,024 பேர் என்று கணக்கு வைத்திருந்தது அவர்தான்.

போராளி அலி லா புவாந்த் ஒளிந்திருந்த வீட்டை 1957 அக்டோபர் 8 அன்று குண்டு வைத்துத் தகர்த்தார்கள். கூட இருந்தவர்களில் ஹஸீபா பென் பூஅலிக்கு வயது 19. சின்ன ஒமர் இன்னும் பள்ளிப் பிராயத்துப் பையன். வெடியில் அக்கம்பக்கத்து வீடுகளில் இருந்தவர்களும் செத்தார்கள்; அவர்களில் குழந்தைகளும் உண்டு. கூட்டி வந்த பெண்மணி அங்கே குரலைத் தாழ்த்தவில்லை, உயர்த்தினார். "அந்த அக்கம்பக்கத்தார் பெயரையும் சொல்லுங்கள் என்று பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்வேன்" என்றார்.

காஸ்பாவில் பாதி வீடுகள் முட்டுக்கொடுத்து நிற்கின்றன. சில இடிந்தே போய்விட்டன. ஏன் என்று கேட்டேன். 1962-ல் கீழே இருந்த ஐரோப்பியர்கள் ஒரே கோடையில் கிளம்பிப்போனதும், காஸ்பாக்காரர்களில் பலர் அந்தக் காலி அடுக்ககங்களுக்குக் குடிபோனார்கள். காலியான காஸ்பாவுக்குள் போரில் ஊரை இழந்த கிராமத்து ஜனங்கள் வந்து அடைந்தார்கள், ஒரு அறைக்கு ஒரு குடும்பம். அது நிரந்தர ஏற்பாடு என்று யாரும் நினைக்கவில்லை, அதனால் சுவரைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. கூட்டி வந்த பெண்மணியின் பாட்டி இறங்கிப்போன குடும்பம், கணவர் வீட்டார் ஏறிவந்த குடும்பம்.

நள்ளிரவில் தூக்கம் கலைந்தது. துப்பாக்கி வேட்டுச் சத்தம், நாய்கள் குரைப்பு, தூரத்தில் வாத்தியம். நவம்பர் 1 பிறந்ததும் கொடியேற்றுகிறார்கள்.

நவம்பர் 1, சனி – விடுமுறை

இந்தத் தேதிக்காகத்தான் வந்தேன்.

1954 நவம்பர் 1 அன்று அதிகாலை அல்ஜீரியா முழுக்கக் காவல் நிலையங்கள், படை முகாம்கள் மீது தாக்குதல் நடந்தது. விடுதலைப் போர் தொடங்கியது. அதே நாள் காலை புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. இரண்டு வாரம் முன்னால், அக்டோபர் 18 அன்று, கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு சேர்வதற்கு. எங்களுக்கும் சும்மா கிடைக்கவில்லை. 1936 ஜூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆனாலும் கடைசியில் அது காகிதத்திலும் கையெழுத்திலும் முடிந்தது. இங்கே முடிய ஏழரை வருஷமும் லட்சக்கணக்கான உயிரும் ஆயிற்று.

அதிலும் எங்கள் காகிதம் இவர்கள் போரில் மாட்டிக்கொண்டது. 1956 மே மாதம் கையெழுத்தான ஒப்பந்தத்தை பிரெஞ்சு நாடாளுமன்றம் ஆறு வருஷம் தொடாமல் வைத்திருந்தது. புதுச்சேரியை விட்டுக்கொடுத்தால் அல்ஜீரியாவுக்கு அது முன்னுதாரணமாகிவிடும் என்ற பயம். 1962 ஜூலை 5 அல்ஜீரியா விடுதலை பெற்றது. ஆகஸ்ட் 16 எங்கள் சட்டபூர்வ ஒப்படைப்பு. நடுவில் ஆறே வாரம். புதுச்சேரியில் ஆண்டுதோறும் கீழூரில் கொடியேற்றுகிறோம். அந்த ஆறு வாரத்துக்குப் பின்னால் யாருடைய சாவு இருக்கிறது என்று யாரும் எங்களுக்குப் பள்ளியில் சொல்லித்தரவில்லை.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பிரெஞ்சுப் பென்ஷன், ஜூலை 14 அன்று மெடல் குத்திக்கொண்டு கடற்கரைப் போர் நினைவிடத்துக்குப் போவார். சைகோனைப் பற்றி எவ்வளவு கேட்டாலும் சொல்வார். அல்ஜீரியாவிலும் இரண்டு வருஷம் இருந்தார். அதைப் பற்றிக் கேட்டால், "அங்கே குளிர்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோவார்.

இன்று தியாகிகள் நினைவுச் சின்னத்துக்குப் போனேன். 1982-ல் கட்டியது, மூன்று பனை ஓலைகள் ஒன்றை ஒன்று தாங்குவது போன்ற வடிவம், 92 மீட்டர் உயரம். குடும்பம் குடும்பமாக ஜனங்கள், பஞ்சுமிட்டாய், கொடி விற்கும் பையன்கள். கீழே உள்ள அருங்காட்சியகத்துக்கு நீண்ட வரிசை.

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இளைஞர் பொறியியல் முடித்துவிட்டு வேலை தேடுகிறார். அவர் தாத்தா போராளி. இந்த நாட்டில் முன்னாள் போராளிகளுக்கென்று தனி அமைச்சகம் உண்டு. தியாகிகளின் பிள்ளைகளுக்கும் சலுகை உண்டு. ஜனாதிபதித் தேர்தலுக்கு நிற்கிறவர் 1942 ஜூலைக்கு முன் பிறந்தவராக இருந்தால், புரட்சியில் பங்கெடுத்ததை நிரூபிக்க வேண்டும். பின் பிறந்தவரானால், பெற்றோர் புரட்சிக்கு எதிராக நடக்கவில்லை என்று காட்ட வேண்டும். அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. "என் தாத்தாவை நான் வணங்குகிறேன். ஆனால் அவர் பெயரைச் சொல்லி என்னை அறுபது வருஷமாக ஆள்கிறார்கள்" என்றார் அவர். 2019-ல் ஒவ்வொரு வெள்ளியும் லட்சக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கி ஜனாதிபதி பூத்தஃப்லிக்காவை வீட்டுக்கு அனுப்பினார்களே, அப்போது இவரும் இருந்திருக்கிறார், பள்ளி மாணவராக. கையில் பிடித்திருந்தது பென் ம்ஹிதியின் படம். அரசாங்கமும் அதே படத்தைத்தான் மாட்டிவைத்திருக்கிறது. இரண்டு தரப்பும் அந்த மனிதரை விடுவதாக இல்லை.

திரும்பும் வழியில் மலர்க் கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஒரு கான்கிரீட் பெட்டகம். உள்ளே இருப்பது 1928-ல் லாந்தோவ்ஸ்கி வடித்த பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம். ரியோ நகரத்து ஏசு சிலையை வடித்த அதே லாந்தோவ்ஸ்கி. 1978-ல் அதை இடிக்கச் சொன்னபோது ஓவியர் இஸ்ஸியாக்கெம் இடிக்காமல் சிமெண்டால் மூடி, மேலே சங்கிலியை உடைக்கும் கைகளைச் செதுக்கினார். முதல் உலகப் போரில் பிரான்ஸுக்காகச் செத்த அல்ஜீரியர்களுக்கும் அது சின்னம்தான் என்பதால் அவருக்கு இடிக்க மனம் வரவில்லையோ என்னவோ. இந்தப் பயணத்தில் என்னை மிகவும் நிறுத்திவைத்த பொருள் அதுதான்.

நவம்பர் 3, திங்கள் – செத்தீஃப்

கரூபா பேருந்து நிலையத்தில் பங்கு டாக்ஸி. ஆறு பேர் சேர்ந்தால்தான் வண்டி நகரும். ஆறாவது ஆளுக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். ஒருவர் எல்லோருக்கும் காபி வாங்கி வந்தார், இன்னொருவர் பேரீச்சை பிரித்தார். பெட்ரோல் அன்று லிட்டர் 46 தினார், முப்பது ரூபாய் சொச்சம். ஹாஸி மெஸ்ஸவூத் எண்ணெய் 1956-லேயே கண்டுபிடிக்கப்பட்டது. பிரான்ஸ் இந்த நாட்டை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். 1971 பிப்ரவரி 24 அன்று தேசியமயமாக்கிய பிறகுதான் அந்த எண்ணெய் உண்மையில் இவர்களுடையதாயிற்று.

வழியில் டிரைவர் சமவெளியைக் காட்டி, முன்பு மித்திஜா எல்லாமே திராட்சைத் தோட்டம் என்றார். ஒயின் குடிக்காத ஜனங்களின் நாடு ஒரு காலத்தில் உலகத்திலேயே அதிகமாக ஒயின் ஏற்றுமதி செய்தது. நல்ல நிலம் குடியேறிகளிடம், கல்லும் சரிவும் இவர்களிடம். போர் முடிந்து பிரான்ஸ் வாங்குவதை நிறுத்தியதும் திராட்சைக் கொடிகளில் பெரும்பகுதியைப் பிடுங்கிப் போட வேண்டியதாயிற்று. கோதுமைக்கு இன்றும் வெளிநாட்டைத்தான் பார்க்கிறார்கள். அந்த 15 தினார் ரொட்டியின் மாவு கப்பலில் வருகிறது.

செத்தீஃபில் குளிர்காற்று. நகரம் மேட்டில் இருக்கிறது. 1945 மே 8, ஐரோப்பாவில் போர் முடிந்த நாள், இங்கே சந்தை நாள். வெற்றி ஊர்வலத்தில் அல்ஜீரியக் கொடியைப் பிடித்திருந்த சால் பூஸீத் என்ற சாரணர் இளைஞரைப் போலீஸ் சுட்டது. கலவரத்தில் நூறு ஐரோப்பியர்கள் வரை கொல்லப்பட்டார்கள். அதற்குப் பதிலாக ராணுவம், விமானங்கள், கடலிலிருந்து போர்க்கப்பல், குடியேறிகளின் ஆயுதக் கும்பல் எல்லாம் வாரக்கணக்கில் கிராமங்கள் மேல் பாய்ந்தன. பிரெஞ்சு அரசுக் கணக்கு ஆயிரத்துச் சொச்சம். அல்ஜீரியா சொல்வது 45,000. வரலாற்றாசிரியர்கள் நடுவில் பல ஆயிரங்களைச் சொல்கிறார்கள். கெல்மா பக்கம் உடல்களைச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டு எரித்தார்கள், ஆகவே எண்ணுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. பிரான்ஸின் விடுதலைக்காக இத்தாலியிலும் ஜெர்மனியிலும் சண்டையிட்டுவிட்டுத் திரும்பிய அல்ஜீரியச் சிப்பாய்கள் வந்து பார்த்தது இதைத்தான். ஒன்பது வருஷம் கழித்துத் துப்பாக்கி எடுத்தவர்களில் பலர் அவர்கள்.

இரவு ஷக்ஷூக்கா. தட்டை ரொட்டியைக் கையால் பிய்த்துக் காரக்குழம்பில் ஊறவைப்பது. 600 தினார். கண்ணில் நீர் வர வைக்கும் காரம், நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நவம்பர் 4, செவ்வாய் – கான்ஸ்டன்டைன்

பாறைப் பிளவின் இரண்டு கரையில் ஓர் ஊர். ஸிதி ம்ஸீத் தொங்கு பாலம் 1912-ல் கட்டியது. கீழே பள்ளத்தாக்கு 175 மீட்டர். காற்றடித்தால் பாலம் அசைவது காலில் தெரிகிறது.

தொண்டை கட்டிக்கொண்டது. மருந்துக்கடையில் ஒரு சின்னப் பாடம் கிடைத்தது. மருந்துப் பெட்டியில் பிரெஞ்சு. கடைக்காரப் பெண் படித்தது பிரெஞ்சில், ஏனென்றால் அவர் படித்த காலத்தில் மருத்துவப் படிப்பெல்லாம் பிரெஞ்சில்தான். பள்ளியில் படித்தது அரபியில். வீட்டில் பேசுவது ஊர் அரபி, மாமியார் வீட்டில் ஷாவியா என்ற பெர்பர் மொழி. 2022-லிருந்து ஆரம்பப் பள்ளியில் ஆங்கிலமும் உண்டு, அவர் மகன் அதையும் படிக்கிறான். அறுபது வருஷமாக மாற்றி மாற்றிச் சட்டம் போட்டும், டாக்டர் சீட்டை நோயாளி படிக்க முடியாத நிலைமை இன்னும் இருக்கிறது. 1962 ஜூன் 7 அன்று, கிளம்பிப்போகும் அவசரத்தில், ஓஏஎஸ் என்ற குடியேறிகளின் ரகசியப் படை அல்ஜியர்ஸ் பல்கலைக்கழக நூலகத்தையே எரித்துவிட்டுப் போனது. லட்சக்கணக்கான புத்தகங்கள். ஆசிரியர்களும் போய்விட்டார்கள். எந்த மொழியிலானாலும் ஆரம்பம் முதலிலிருந்து.

தங்கிய இடத்துப் பெரியவர் இரவான பிறகுதான் பேச ஆரம்பித்தார். அவர் பிறந்த கிராமம் இப்போது இல்லை. போராளிகளுக்குச் சோறு போகக்கூடாது என்று ராணுவம் மலைக்கிராமங்களைக் காலி செய்து ஜனங்களை முள்வேலி முகாம்களில் அடைத்தது. இருபது லட்சத்துக்கும் மேல். அவருக்கு அப்போது ஐந்து வயது. விடுதலைக்குப் பிறகு அப்பா திரும்பிப் போய்ப் பார்த்தாராம்: கூரை இல்லை, ஆடு இல்லை, அத்தி மரங்கள் எரிந்திருந்தன. நகரத்தை நோக்கி வந்துவிட்டார்கள். "எங்களில் யாருக்கும் விவசாயம் தெரியாது. நான்கு வருஷம் முகாமில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள் என்ன கற்றிருப்போம்?"

ஹர்க்கிகளைப் பற்றிக் கேட்டேன். பிரெஞ்சு ராணுவத்தோடு துணைப்படையாக இருந்த அல்ஜீரியர்கள். போர்நிறுத்தத்துக்குப் பிறகு அவர்களை பிரான்ஸ் நிராயுதபாணியாக விட்டுப்போனது. பல்லாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். தப்பிப்போனவர்களை பிரான்ஸ் ரிவ்ஸால்த் போன்ற முகாம்களில் முள்வேலிக்குள் வைத்தது. பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "என் சித்தப்பா" என்றார். அவ்வளவுதான். நானும் தொடரவில்லை. எங்கள் சொல்தா தாத்தா எழுந்துபோவது எதனால் என்று எனக்கு இப்போது கொஞ்சம் புரிகிறது.

நவம்பர் 6, வியாழன் – சூக் அஹ்ராஸ்

புனித அகுஸ்தீன் பிறந்த ஊர் என்று சுற்றுலாப் பயணிகள் வருவார்கள். நான் வந்தது வேலிக்காக.

1957-ல் பாதுகாப்பு அமைச்சர் அந்த்ரே மொரீஸ், துனீசிய எல்லை நெடுக மின்வேலி போட்டார். 5,000 வோல்ட், இரண்டு பக்கமும் கண்ணிவெடி. துனீசியாவில் பயிற்சி பெற்ற போராளிகளும் ஆயுதமும் உள்ளே வராமல் தடுக்க. தடுத்தது. வேலியை வெட்டி உள்ளே நுழைய முயன்ற ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். எல்லைக்கு அப்பால் உள்ள ஸாக்கியத் என்ற துனீசியக் கிராமத்தை 1958 பிப்ரவரி 8 அன்று விமானங்கள் தாக்கின. எழுபது பேர் வரை இறந்தார்கள், பள்ளிப் பிள்ளைகள் உட்பட.

அந்த வேலியின் இன்னொரு விளைவை இங்கே நின்றபோதுதான் முழுசாக உணர்ந்தேன். உள்ளே மலைகளில் சண்டையிட்டவர்கள் ஆயுதமும் சோறும் இல்லாமல் தேய்ந்துபோனார்கள். வெளியே எல்லைக்கு அப்பால் நல்ல துப்பாக்கியும் சீருடையுமாக ஒரு முழுப் படை முழுசாகவே இருந்தது, பூமெதியென் தலைமையில். 1962-ல் வேலி திறந்ததும் உள்ளே வந்து அதிகாரத்தைப் பிடித்தது அந்தப் படைதான். இந்த நாட்டை ராணுவம் இன்றுவரை விடாமல் இருப்பதற்குப் பல காரணம் சொல்வார்கள். இந்த வேலியை நான் முதலில் வைப்பேன்.

கண்ணிவெடிகளைப் புதைத்தவர்கள் வரைபடத்தைக் கொடுக்காமல் போனார்கள். அதிகாரபூர்வமாக பிரான்ஸ் வரைபடத்தைக் கொடுத்தது 2007 அக்டோபரில், விடுதலைக்கு 45 வருஷம் கழித்து. நடுவில் அல்ஜீரியச் சிப்பாய்கள் தடவித் தடவி எடுத்தார்கள். கிழக்கு மேற்கு எல்லை இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 90 லட்சம் வெடிகளை அழித்ததாக ராணுவம் சொல்கிறது. கடைசி நிலம் சுத்தமானது 2016-ல்.

டாக்ஸிக்காரர் எல்லைப்பக்கத்து ஒரு கிராமத்தில் தன் மாமா வீட்டுக்குக் கூட்டிப்போனார். மாமாவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. 1968-ல், பதினோரு வயதில், ஆடு மேய்க்கும்போது போனது. ஆடும் போனது, அதை முதலில் சொன்னார். அரசுப் பென்ஷன் வருகிறது. முற்றத்தில் உட்காரவைத்து, ஆலிவ் எண்ணெய், புது ரொட்டி, தேன், மோர். மழை வந்துபோய் மலை பச்சையாக இருந்தது. அந்தச் சரிவில் இப்போது அவர் பேரன் ஆடு ஓட்டுகிறான். "2007-ல் வரைபடம் வந்தது என்று டிவியில் சொன்னார்களே, என்ன நினைத்தீர்கள் ஹாஜ்?" என்று கேட்டேன். "எங்கேயோ ஒரு அலமாரியில் அத்தனை வருஷமும் அந்தக் காகிதம் இருந்திருக்கிறது" என்றார். எனக்கு வந்த கோபம் அவரிடம் இல்லை. வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஒரு பாட்டில் எண்ணெயைப் பையில் வைத்துவிட்டார்.

நவம்பர் 8, சனி – அல்ஜியர்ஸ் திரும்புதல், எல் ஆலியா

நேற்று பகல் முழுக்க பஸ். பாதி வழியில் ஹீட்டர் நின்றுபோய் எல்லோரும் கம்பளியில் சுருண்டோம். என் பக்கத்து இருக்கையில் ஒரு பள்ளி ஆசிரியர், தெற்கே ரெக்கானைச் சேர்ந்தவர், உறவினர் கல்யாணத்துக்கு வந்திருந்தார்.

இன்று எல் ஆலியா கல்லறைக்குப் போனேன், விமான நிலையத்துக்குப் பக்கம்தான். 2020 ஜூலை 5 அன்று இங்கே 24 மண்டை ஓடுகளை அடக்கம் செய்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் படையை எதிர்த்தவர்களின் தலைகள் என்று அறிவித்தார்கள். வெட்டி பாரிஸுக்குக் கொண்டுபோய் அருங்காட்சியகத்தில் எண் ஒட்டி அட்டைப்பெட்டியில் வைத்திருந்தார்கள், நூற்றைம்பது வருஷத்துக்கும் மேல். ஸாத்ஷா ஊரில் 1849-ல் போரிட்ட ஷேக் பூஸியானும் அதில் ஒருவர். அல்ஜியர்ஸ் கோட்டையைக் காத்த பாபா மெர்ஸூக் என்ற பீரங்கி இன்னும் பிரான்ஸின் பிரெஸ்த் துறைமுகத்தில் செங்குத்தாக நட்டு நிற்கிறது. காலனி ஆட்சிக் காலத்து ஆவணங்களில் பெரும்பகுதி பிரான்ஸின் எக்ஸ் நகரத்தில் இருக்கிறது. தன் தாத்தாவை எங்கே கொன்றார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்பும் அல்ஜீரியன் முதலில் பிரெஞ்சு விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். புதுச்சேரியில் ஒப்படைப்பு ஒரே நாள் விழா. இங்கே அது இன்னும் நடந்து முடியவில்லை.

பஸ்ஸில் ஆசிரியர் சொன்னதை எழுதிவிடுகிறேன். 1960 பிப்ரவரி 13 அன்று ரெக்கான் பாலைவனத்தில் பிரான்ஸ் தன் முதல் அணுகுண்டை வெடித்தது. ஹிரோஷிமா குண்டைவிட நான்கு மடங்கு. சஹாராவில் மொத்தம் 17 முறை வெடித்தார்கள்; அதில் 11 சுதந்திரத்துக்குப் பிறகு, ஏனென்றால் போரை முடித்த எவியான் உடன்படிக்கை அந்தத் தளங்களை ஐந்து வருஷம் வைத்துக்கொள்ள அனுமதித்தது. 1962 மே 1 அன்று இன் எக்கரில் மலைக்குள் வெடித்தது கசிந்து, வேடிக்கை பார்க்க வந்த பிரெஞ்சு அமைச்சர்கள்மேலேயே மேகம் போனது. போகும்போது லாரி, விமானத் துண்டு, கருவி எல்லாவற்றையும் மணலில் புதைத்துவிட்டுப் போனார்கள். ஆசிரியரின் அப்பா அந்த இரும்பைத் தோண்டி வந்து கதவு செய்தவர். செம்புக் கம்பியில் அம்மாவுக்கு வளையல். அது என்னவென்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. 2010-ல் பிரான்ஸ் நஷ்டஈட்டுச் சட்டம் போட்டது. அல்ஜீரியர்களுக்குக் கிட்டத்தட்ட எதுவும் வந்து சேரவில்லை. புதைத்த இடங்களின் பட்டியலும் இதுவரை வரவில்லை.

"பணம்கூட அப்புறம் பார்க்கலாம். எங்கே புதைத்தீர்கள் என்று சொல்லுங்கள், வேலியாவது போடுகிறோம். என் வகுப்புப் பிள்ளைகள் அந்த மணலில்தான் பந்து விளையாடுகிறார்கள்" என்றார். போன் நம்பர் எழுதிக் கொடுத்தார். டிசம்பரில் வாருங்கள், வெயில் குறைந்திருக்கும், புதுப் பேரீச்சை வந்திருக்கும், நானே கூட்டிப்போகிறேன் என்றார். அல்ஜியர்ஸிலிருந்து ரெக்கானுக்குச் சாலை வழியாக ஒரு நாளைக்கும் மேல் ஆகும் என்றார்கள். இந்த முறை விசா முடிகிறது. அடுத்த விண்ணப்பத்தை ஊருக்குப் போனதும் போடப்போகிறேன்.